ஓஎஸ் டிஸ்க்கை நகலெடுக்கும்போது மலையில் நாம் செய்யும் தவறுகள்

நீலகிரியில் விண்டோஸ் ஓஎஸ் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) டிஸ்க்குக்கு ஒரு நகல் எடுத்து வைப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் கீழே இறங்கி கோவை போக முடியாது. பல சமயம் நெட்டும் சேர்ந்து போய்விடும். அன்றைக்குப் பார்த்துத்தான் சிஸ்டம் பூட் ஆகாமல் நிற்கும். ஐந்து ஜிபிக்கு மேல் இருக்கும் ஃபைலை அப்போது எங்கே போய் டவுன்லோட் செய்வது? அதனால் குன்னூர், கோத்தகிரி பக்கம் ஒவ்வொரு ஆபீஸ் மேஜை டிராயரிலும் மார்க்கரில் ‘வின் 10’ என்று கிறுக்கிய ஒரு டிவிடியோ பென்டிரைவோ கிடக்கிறது. அதில் தப்பில்லை. அதை வைத்து நாம் செய்யும் காரியங்களில்தான் சிக்கல்.

நகலெடுப்பதே குற்றம் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஒரிஜினல் ஒன்று கையில் இருந்தால் ஊர் முழுக்கப் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுமே தவறு. முறைப்படி வாங்கிய மென்பொருள் தொலைந்துவிட்டால், கெட்டுப்போனால் கைகொடுக்கட்டும் என்று பேக்கப் நகல் எடுத்தால் அது உரிமை மீறல் ஆகாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. ஆனால் அந்தப் பேக்கப், மென்பொருள் எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்கு மட்டும்தான். மலை ரயில் டிக்கெட்டை எத்தனை ஜெராக்ஸ் எடுத்தாலும் சீட் ஒன்றுதான். விண்டோஸ் 11 டிஸ்க்கின் ஐஎஸ்ஓ ஃபைலை (முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலாக) மைக்ரோசாஃப்ட் தளமே இலவசமாகத் தருகிறது. காசு டிஸ்க்குக்கு இல்லை, லைசென்ஸுக்கு.

லைசென்ஸ் என்றதும் ‘அதான் பில் இருக்கே’ என்பார்கள். எந்த வகை லைசென்ஸ் என்று பார்ப்பவர்கள் குறைவு. கடையில் தனியாக வாங்கும் ரீடெயில் லைசென்ஸை, பழைய மெஷினிலிருந்து முழுக்க எடுத்துவிட்டு வேறு மெஷினுக்கு மாற்றலாம். லேப்டாப்போடு வரும் ஓஇஎம் லைசென்ஸ் அந்த மெஷினோடு பிறந்து அந்த மெஷினோடு போவது. அதன் ரெக்கவரி டிஸ்க்கை நகலெடுத்து அதே லேப்டாப்பில் எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், பக்கத்து மேஜை சிஸ்டத்தில் போடக் கூடாது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பெரிய கம்பெனி லேப்டாப்களில் கீ (விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் எண்) மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. அதே எடிஷனைத் திரும்பப் போட்டால் கீ கேட்காமலேயே ஆக்டிவேட் ஆகிவிடும். அதற்கு முந்தைய மெஷின்களில் கீ அச்சிட்டு மெஷின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர்தான் எல்லாம்.

அந்த ஸ்டிக்கர் விஷயத்தில்தான் மலைக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறோம். ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸை எடுத்துக்கொள்ளுங்கள். இலைக்கணக்குப் போடும் பழைய சிஸ்டம் ஈரத்தில் துருப்பிடித்துவிட்டது. சர்வீஸ் பையன் வந்து, உள்ளே இருப்பதைப் புது கேபினெட்டுக்கு மாற்றிவிட்டு, பழைய தகரத்தைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறான். பக்கவாட்டில் ஒட்டியிருந்த லைசென்ஸ் ஸ்டிக்கரும் கூடவே போய்விட்டது. இனி அந்த விண்டோஸ் ஒரிஜினல் என்று காட்ட பில்லைத் தவிர ஒன்றும் இல்லை, அந்த பில்லும் ‘கம்ப்யூட்டர் 1’ என்று எழுதிய கைச்சீட்டாக இருந்தால் அதுவும் இல்லை. லேப்டாப் அடியில் ஒட்டியதோ நாலு வருஷத்தில் தேய்ந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய வாரத்திலேயே ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து, விண்டோஸின் பெயர் தனியாகப் போட்ட பில்லோடு சேர்த்து வையுங்கள். கீ எண்ணை டிவிடி மேலேயே மார்க்கரில் எழுதும் பழக்கத்தை விடுங்கள். டிவிடி கைமாறினால் கீயும் கைமாறும்.

பள்ளிகளிலும் ரிசார்ட்டுகளிலும் நடப்பது வேறு கதை. பத்து சிஸ்டம் வந்திறங்கும். ஒன்றில் எல்லாவற்றையும் நன்றாகப் போட்டு, அதை அப்படியே முழுசாக நகலெடுத்து (இதுதான் இமேஜ்) மற்ற ஒன்பதிலும் ஊற்றிவிடுவார்கள். பத்துக்கும் தனித்தனி லைசென்ஸ் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். இப்படி ஒரே இமேஜைப் பல மெஷினில் போடும் உரிமை, நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் வால்யூம் லைசென்ஸ் வாங்கியவர்களுக்குத்தான் உண்டு, அதற்கும் வால்யூம் டிஸ்க்கைத்தான் பயன்படுத்த வேண்டும். ஓஇஎம் டிஸ்க்கிலிருந்து செய்த இமேஜுக்கு அந்த உரிமை கிடையாது. இன்னொன்று, விண்டோஸ் வால்யூம் லைசென்ஸ் என்பது அப்கிரேடுதான். ஓஎஸ்ஸே இல்லாமல் மலிவாக வாங்கிய மெஷினுக்கு அதை முதல் லைசென்ஸாகக் காட்ட முடியாது. சிஸ்டத்துக்குக் கொஞ்சம் காசு மிச்சம் என்று ஓஎஸ் இல்லாமல் வாங்குபவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதே இல்லை.

ஆக்டிவேட்டர், அதாவது லைசென்ஸ் இல்லாமலே விண்டோஸை ஆக்டிவேட் ஆக்கிவிடும் கிராக், போட்டுத் தரும் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் காட்டேஜ் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் போய் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியுள்ளது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், எந்த நிறுவனம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனத்தில் இருப்பது நீங்களும் சமையல்காரரும்தானே! பெரிய ஆபீஸ்களில் 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் முறையை ஏமாற்றி ஓட்டுகிறது அந்தக் கிராக். அதைப் போடுவதற்காக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அதன் பிறகு அந்த சிஸ்டத்தில் பேங்க் பாஸ்வேர்டு அடிப்பது உங்கள் தைரியம். முந்நூறு, நானூறு ரூபாய்க்கு ஆன்லைனில் வரும் கீக்களில் பலவும் யாரோ ஒருவருடைய வால்யூம் கீயிலிருந்து பிரித்து விற்றவைதான். ஆக்டிவேட் ஆனதாலேயே அது லைசென்ஸ் ஆகிவிடாது. உரிமை மீறிய நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்கு இல்லாத சொந்த உபயோகம் என்றால் சிறையை விட்டு அபராதத்தோடு நிறுத்த நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. ஹோம்ஸ்டே நடத்துவது சொந்த உபயோகத்தில் சேராது.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14லும் சப்போர்ட் முடிந்தது. ‘கம்பெனியே கைவிட்டதால் இனி ஃப்ரீ’ என்று ஒரு பேச்சு ஓடுகிறது. நின்றது அப்டேட்தான், உரிமை அப்படியே இருக்கிறது.

இனி நகலெடுக்கும் வேலையில் நடக்கும் தவறுகள். ஐஎஸ்ஓவை அப்படியே டிவிடியில் இழுத்துப் போட்டால் அது பூட் ஆகாது, ‘பர்ன் இமேஜ்’ கொடுக்க வேண்டும். இன்றைய ஐஎஸ்ஓ 4.7 ஜிபி டிவிடியில் அடங்குவதில்லை, பென்டிரைவே நல்லது. அதிலும் ஃபேட்32 ஃபார்மட்டில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது என்பதால் கையால் காப்பி செய்வதைவிட மீடியா கிரியேஷன் டூல், ரூஃபஸ் போன்றவற்றைப் பயன்படுத்துங்கள். கடைக்காரர் தரும் ‘ஆல் இன் ஒன்’ டிவிடியை நகலெடுக்காதீர்கள், உள்ளே யார் என்ன சேர்த்தார்கள் என்று அவருக்கே தெரியாது. ஊட்டி ஈரத்தில் டிவிடிக்குப் பூஞ்சை பிடிக்கும். மரப்பெட்டியில் போடாமல், மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை பூட் ஆகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு உபுண்டு, டெபியன், மத்திய அரசின் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்று இலவச ஓஎஸ் எல்லாம் இருக்கின்றன. ஒரு பென்டிரைவ் போதும், ஹட்டி (படுகர் கிராமம்) முழுக்கப் போடலாம், போட்டுக் கொடுக்கக் கூலியும் வாங்கலாம். ஆனால் உபுண்டுவை நீங்களே மாற்றியமைத்து அதே பெயரில் விற்றால் டிரேட்மார்க் பிரச்சினை வரும்.

பழைய லேப்டாப்பை விற்கும்போது ரெக்கவரி டிஸ்க், ஸ்டிக்கர், பில் எல்லாவற்றையும் வாங்குபவரிடமே கொடுத்துவிடுங்கள். உங்களிடம் இருக்கும் பேக்கப் நகலையும் அன்றைக்கே அழித்துவிடுங்கள், அல்லது அவரிடமே சேர்த்துவிடுங்கள். உரிமை அவருடையதாகிவிட்ட பிறகு, உங்கள் டிராயரில் இருக்கும் நகலுக்கு 52ஆம் பிரிவின் பாதுகாப்பு கிடையாது.