கடிபட்ட இலையிலிருந்து தொடங்குங்கள்: சிற்றுயிர்கள் தேடிவரும் வீட்டுத் தோட்டம்

"எலுமிச்சைத் தளிரைப் புழு தின்னுது, என்ன மருந்து அடிக்கலாம்?" தோட்டம் போடத் தொடங்கிய எல்லோரும் ஒருமுறையாவது கேட்கும் கேள்வி இது. நானும் கேட்டேன். வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன், இயற்கை மருந்துதானே என்ற தைரியத்தில். புழுக்கள் போயின. அதே மாதம், நம் தோட்டத்துக்கு ஒரு வண்ணத்துப்பூச்சிகூட வருவதில்லையே என்று வேறு புலம்பிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே உயிர்தான் என்பது மண்டையில் ஏற ஒரு வருடம் ஆயிற்று.

அந்தப் புழுவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சிறு பருவத்தில் பழுப்பும் வெள்ளையுமாக, இலைமேல் விழுந்த பறவை எச்சம் போலவே இருக்கும். தின்ன வருகிறவர்களை ஏமாற்றத்தான் அந்த வேஷம். கடைசிப் பருவத்தில் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல இரண்டை நீட்டி நாற்றம் விடும். இவ்வளவு வேடிக்கையும் பத்துப் பன்னிரண்டு இலை செலவில் கிடைக்கிறது என்றால் எனக்குச் சம்மதம். உங்களுக்கும் சம்மதமென்றால் மேற்கொண்டு படிக்கலாம்.

படி 1: ஒரு வாரம் ஒன்றும் செய்யாதீர்கள்

காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், இருட்டிய பிறகு ஒருமுறை டார்ச்சுடன். எந்தச் செடியில் எது உட்காருகிறது, வெயில் எங்கே விழுகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். பெயர் தெரியாவிட்டால் "கறுப்புக் குளவி, மெல்லிய இடுப்பு" என்று எழுதினால் போதும். மாடியில் நாலு தொட்டிதான் இருக்கிறது என்றாலும் இதைச் செய்யுங்கள்.

படி 2: மருந்தை நிறுத்துங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதுதான் முக்கியம், செலவே இல்லாததும் இதுதான். மனசுக்குத்தான் கஷ்டம்.

அசுவினி (இலைச் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சி) ஒரு செடியில் ஏறினால், அதைத் தின்னும் பொறிவண்டு வந்து சேரச் சில நாட்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் நாம் பதறி மருந்து அடிக்கிறோம். மருந்தில் இரண்டு தரப்பும் சாகும். ஆனால் அசுவினி மளமளவென்று பெருகித் திரும்பிவிடும், பொறிவண்டுக்கு அந்த வேகம் கிடையாது. அடுத்த முறை இன்னும் அதிகமாக அடிக்க வேண்டிவரும். பதிலுக்கு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அசுவினியை உதிர்த்துவிடுங்கள், மோசமான கிளையை வெட்டி எடுங்கள், இரண்டு வாரம் பொறுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பொறிவண்டின் குஞ்சுப்பருவம் பொறிவண்டு போல இருக்காது. கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளிகளுடன், குட்டி முதலை மாதிரி நீண்டிருக்கும். கெட்ட பூச்சி என்று நினைத்து நசுக்குகிறவர்களே அதிகம். மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழுவோ மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளையாக இருக்கும். ஆகவே நசுக்குவதற்கு முன் அது இலையைத் தின்கிறதா, இலைமேல் இருப்பவரைத் தின்கிறதா என்று பாருங்கள்.

வேப்பெண்ணெய் விஷயத்தில் நான் செய்த தப்பு இதுதான்: அதிலுள்ள அசாடிராக்டின் புழு தோலுரித்து வளர்வதையே கெடுத்துவிடும். வண்ணத்துப்பூச்சிப் புழு, பயிர்ப்புழு என்ற பாகுபாடு அதற்குக் கிடையாது.

நியோநிக்கோட்டினாய்டு வகை மருந்துகள் இன்னொரு ரகம். செடி அவற்றை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு மகரந்தத்திலும் தேனிலும்கூட அவை இருக்கும். தேனீக்களுக்கு ஏற்படும் ஆபத்தைக் காரணம் காட்டி, இவற்றில் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது. நர்சரியில் செடி வாங்கும்போது என்ன மருந்து அடித்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எலி விஷமும் வேண்டாம். விஷம் தின்று தள்ளாடும் எலியை ஆந்தை பிடித்துத் தின்றால் ஆந்தையும் சாகக்கூடும்.

படி 3: விருந்துச் செடியும் தொட்டில் செடியும்

பூச்செடி வைத்தால் வண்ணத்துப்பூச்சி வரும் என்பது பாதி உண்மை. பூ வெறும் விருந்து, தேன் குடித்துவிட்டுப் போய்விடும். அது தங்க வேண்டுமென்றால் முட்டையிடச் செடி வேண்டும், அதிலும் ஒவ்வொரு இனத்துக்கும் குறிப்பிட்ட சில செடிகள்தான். எலுமிச்சை, கறிவேப்பிலைக் குடும்பத்துக்கு ஒரு கூட்டம் வரும். எருக்குக்கு வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி வரும். ஆமணக்குக்கு வேறொன்று. இந்த மூன்றிலும் மற்றதைத் தேடினால் கிடைக்காது. முதலில் இப்படி ஒன்றிரண்டு தொட்டில் செடிகளை வையுங்கள், பூச்செடியை அப்புறம் பார்க்கலாம்.

எந்த ஊரில் இருந்தாலும் அந்த மண்ணில் தானாக முளைக்கும் செடிக்கே முதல் இடம். அங்கேயுள்ள பூச்சிகள் அந்த இலையைத் தின்னப் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழகியவை. கப்பலேறி வந்த அலங்காரச் செடியில் ஒரு கடிகூட விழவில்லை என்று பெருமைப்படுகிறோம். பறவைக்கு அது பிளாஸ்டிக் செடி மாதிரிதான்.

பறவை எங்கே வந்தது என்கிறீர்களா? தானியம் பொறுக்கும் சிட்டுக்குருவியும், தேன் குடிக்கும் தேன்சிட்டும்கூடக் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியையும் புழுவையும்தான். அமெரிக்கப் பூச்சியியலாளர் டக்ளஸ் டாலமி சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: கரோலைனா சிக்கடி என்ற சின்னஞ்சிறு பறவை, ஒரு ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை கொண்டுவர வேண்டியிருக்கிறது. புழு இல்லாத தோட்டத்தில் எத்தனை தீனித் தட்டு தொங்கவிட்டாலும் இந்தக் கணக்கு நேராகாது.

பூச்செடி வாங்கும்போது ஒற்றைப் பூவாகப் பார்த்து வாங்குங்கள். அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள்கள் இதழ்களாக மாறியிருக்கும். தேனீக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. வெவ்வேறு மாதங்களில் பூப்பவையாகக் கலந்து வைத்தால் பட்டினிக் காலம் இருக்காது.

படி 4: தண்ணீர்

அகலமான மண்சட்டி போதும். ஆழம் ஓரத்தில் 2 செ.மீ., நடுவில் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். உள்ளே இரண்டு கல் போடுங்கள், தேனீ உட்கார்ந்து குடிக்க. பூனை பதுங்க முடியாதபடி புதரிலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளி வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்புங்கள். வெப்பமான நாட்களில் கொசு முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாட்களே ஆகும்.

சட்டி கழுவிய தண்ணீரை ஒரே இடத்து மண்ணில் ஊற்றி வாருங்கள். அந்த ஈர மண்ணில் ஆண் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக இறங்கி உப்பு உறிஞ்சும்.

தவளை வேண்டும், சிறு குட்டை வெட்டப்போகிறேன் என்றால், ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும். செங்குத்துக் கரையில் விழுந்த ஓணானும் அணிலும் ஏற முடியாமல் சாகும். மீன் விட்டால் தலைப்பிரட்டையைத் தின்றுவிடும். மீன் இல்லாவிட்டால் கொசுப்புழு வருகிறதா என்று நீங்கள்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு நேரம் இல்லாதவர்கள் சட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படி 5: பெருக்காத ஒரு மூலை

வீட்டில் சண்டை வரப்போகும் படி இது. ஒரு மூலையில் சருகைக் குவித்து, வெட்டிய கிளைகளை அதன்மேல் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். மரவட்டை, வண்டு, அரணை, தேரை எல்லாம் குடிவரும். சிலந்தி வலைகளையும் கொஞ்சம் விட்டுவையுங்கள். தேன்சிட்டு கூடு கட்ட அந்த நூலைத்தான் எடுத்துப்போகிறது.

பக்கத்திலேயே ஒரு திட்டு வெறும் மண். உலகில் தேனீ இனங்கள் 20,000க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல் தனித்து வாழ்பவை, பத்தில் ஏழு மண்ணுக்குள்தான் கூடு வைக்கின்றன. முழுக்கச் சிமெண்ட் போட்ட, அல்லது முழுக்கப் புல் பதித்த தோட்டத்தில் அவற்றுக்கு இடமே இல்லை.

பாம்பு வருமே? நியாயமான கேள்வி. பாம்பைப் பெரும்பாலும் அழைத்துவருவது எலி, எலியை அழைத்துவருவது சிந்திக்கிடக்கும் சோறும் தானியமும் திறந்த குப்பையும். ஆகவே மூலையில் இலைதழை மட்டும், சமையல் மிச்சம் மூடிய உரத்தொட்டியில். குவியல் வேலியோரமாக, வாசலிலிருந்தும் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளி. அதில் வெறுங்கையை விடாதீர்கள், இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள்.

படி 6: கூடும் பெட்டியும்

தேனீக் குழல் வீடு செய்ய, மரக்கட்டையில் 2 முதல் 10 மி.மீ. விட்டத்தில் பல அளவு துளைகள், சுமார் 15 செ.மீ. ஆழம், பின்பக்கம் மூடியிருக்க வேண்டும். துளை குட்டையானால் ஆண் தேனீக்களே அதிகம் பிறக்கும். பெண் முட்டைகளைத் தாய் உள்ளே ஆழத்தில்தான் வைக்கும். மழை படாத இடம், ஆடாத சுவர். வருடத்துக்கொருமுறை பழைய கட்டையை மாற்றாவிட்டால் உண்ணியும் பூஞ்சணமும் பிடிக்கும். பிறகு ரோஜா இலையில் பொட்டு வைத்தாற்போல வட்டம் வட்டமாக வெட்டு தெரிந்தால், இலைவெட்டித் தேனீ குடிவந்துவிட்டது என்று அர்த்தம்.

சிட்டுக்குருவிப் பெட்டிக்குத் துளை 32 மி.மீ., உயரம் 2 முதல் 4 மீட்டர், மதிய வெயில் படக்கூடாது. வாசலில் உட்காரும் குச்சி வைக்காதீர்கள். முட்டை திருட வருபவருக்குத்தான் அது வசதி.

படி 7: இரவும் கண்ணாடியும்

வெளி விளக்கை அணையுங்கள், முடியாவிட்டால் மங்கிய மஞ்சள் விளக்காக, கீழ்நோக்கி. வெளிச்சத்தில் மின்மினிக்குத் துணையைக் கண்டுபிடிக்க முடியாது. பெரிய கண்ணாடி ஜன்னலில் பறவை மோதினால், வெளிப்பக்கம் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகள் ஒட்டுங்கள். ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டுவது வீண்வேலை.

எப்போது பலன் தெரியும்?

தேனீயும் தட்டானும் சில வாரங்களில் வரும். பறவை தண்ணீர்ச் சட்டியை நம்ப ஒரு மாதம்கூட ஆகலாம். பெட்டி இரண்டு வருடம் காலியாகவே தொங்கலாம், இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். முதல் படியில் வைத்த நோட்டை மட்டும் தொடருங்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், சாதாரண வீட்டுத் தோட்டம் ஒன்றில், ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர் 1972 தொடங்கி 30 ஆண்டுகள் இப்படித்தான் குறித்துவந்தார். இடம் ஏறக்குறைய 740 சதுர மீட்டர். நோட்டில் சேர்ந்தவை 2,673 இனங்கள், அவற்றில் பூச்சிகள் மட்டும் 1,997.

என் நோட்டில் இப்போது 61. அறுபதாவது, பறவை எச்சம் மாதிரி ஒன்று.