ஓயாத கவலைக்குச் சீன மருத்துவம்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்து மருகுபவரிடம் சீன மரபு மருத்துவர் பசியையும் செரிமானத்தையும் பற்றித் துருவி விசாரிப்பார். சீனர் கூறும் ஐம்பூதங்களில் (மரம், நெருப்பு, மண், உலோகம், நீர்) மண்ணுக்குரிய மண்ணீரலே சிந்தனையையும் ஆள்கிறது என்பதும், அளவு மீறிச் சிந்தித்தால் 'ச்சீ' என்னும் உயிராற்றல் ஓட்டமின்றி முடிச்சிட்டுக்கொள்கிறது என்பதும் 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற தொன்னூலின் கொள்கை. இங்கே மண்ணீரல் என்பது உணவைச் செரித்து ஆற்றலாக்கும் செயல்பாடு முழுவதையும் குறிக்கும்.

படி 1: நாக்கைப் பாருங்கள்

காலையில், எதையும் உண்பதற்கு முன், பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டுங்கள். அது வெளிறி, சற்றுத் தடித்து, ஓரங்களில் பல்தடம் பதிந்திருப்பதோடு, சாப்பிட்டதும் வயிறு உப்புவதும் சோர்வும் சேர்ந்திருந்தால், அதை மண்ணீரல் தளர்ச்சி என்பர். உறக்கம் கெட்டுப் படபடப்பும் இருந்தால் இதயமும் தளர்ந்துள்ளதாகக் கொள்வர்.

படி 2: உணவு

குளிர்ந்ததையும் பச்சையாக உண்பதையும் குறைத்து, வெதுவெதுப்பானதை வேளை தவறாமல் உண்ணுங்கள். வட சீனாவில் வழக்கமான தினைக் கஞ்சியே போதும்.

படி 3: அழுத்தப் புள்ளிகள்

'சூசான்லி' என்ற புள்ளிக்கு, முழங்காலை மடக்கி, முட்டிச்சில்லின் கீழே வெளிப்பக்கம் உள்ள குழியிலிருந்து உங்கள் நான்கு விரல் அகலம் கீழே இறங்கி, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளி அழுத்துங்கள். மந்தமான வலி பரவினால் இடம் சரி. 'ஷென்மென்' மணிக்கட்டு மடிப்பில், சுண்டுவிரல் பக்கத் தசைநாணை ஒட்டி, கட்டைவிரலை நோக்கிய பக்கத்தில் இருக்கிறது. அதை மென்மையாக அழுத்தினால் போதும். ஒவ்வொன்றையும் ஓரிரு நிமிடம், இரு பக்கமும் அழுத்தலாம்.

படி 4: உணர்ச்சியை உணர்ச்சியால் வெல்லுதல்

இதை வீட்டில் முயலாதீர்கள், ஆனால் தெரிந்துகொள்ளத்தக்கது. மண்ணை மரம் அடக்குவதுபோல் மண்ணுக்குரிய சிந்தனையை மரத்துக்குரிய சினம் அடக்கும் என்பது கோட்பாடு. சாங் சோங்ஜெங் (1156–1228) என்ற மருத்துவர், மிகுந்த சிந்தனையால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உறங்காதிருந்த செல்வந்தர் வீட்டுப் பெண்ணின் நாடியைப் பார்த்துவிட்டு, கணவரோடு பேசிவைத்துக்கொண்டு, பெருந்தொகை வாங்கி, பல நாள் மது அருந்தி, மருந்தே தராமல் கிளம்பிவிட்டார். கடுஞ்சினத்தில் வியர்த்துக் கொட்டிய அப்பெண், அன்றிரவே அயர்ந்து உறங்கியதாக அவருடைய மருத்துவக் குறிப்பு சொல்கிறது. கட்டணம் திரும்பியதா என்று அக்குறிப்பில் இல்லை.

படி 5: மூலிகை

இந்நிலைக்குப் பெயர்பெற்றது 'குய் பி தாங்' கஷாயம். சோங் அரசமரபுக் காலத்து மருத்துவர் யான் யோங்ஹே 1253-இல் பதிவுசெய்த இதில் ஜின்செங், அதிமதுரம், இஞ்சி, சிவப்பு இலந்தை முதலியவை சேரும். இதைத் தகுதியுள்ள மருத்துவர் நாடி பார்த்தே தர வேண்டும். அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும். ஜின்செங், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தோடு மோதக்கூடும். கவலை அன்றாட வேலையையே முடக்கினாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ, கஷாயத்துக்குக் காத்திராமல் மனநல மருத்துவரிடம் செல்லுங்கள்.