கிளைடர் வேபாயிண்ட் கோப்பு: எல்லோருக்கும் பொதுவாக வைத்துப் பராமரிப்பது எப்படி?

கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) ஓட்டுபவர்கள் பத்துப் பேர் கூடினால் பத்து வேபாயிண்ட் கோப்புகள், அதாவது பறக்கும்போது வேண்டிய இடங்களின் பட்டியல்கள், இருக்கும். ஒரே பாலம் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரே கோப்பாகக் கொண்டுவர எனக்கு இரண்டு சீசன் ஆயிற்று. நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: வடிவம்

சீயூ என்ற கிளைடர் மென்பொருளின் கப் வடிவத்தையே எடுங்கள். காற்புள்ளியால் பிரித்த சாதாரண எழுத்துக் கோப்புதான். எக்ஸ்சிசோர் உட்படப் பல கிளைடர் வழிகாட்டிச் செயலிகள் படிக்கும். ஓர் இடத்துக்கு ஒரு வரி: பெயர், குறியீடு, நாடு, அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், வகை, ஓடுபாதை விவரம், அலைவரிசை, குறிப்பு. வகை என்பது ஓர் எண். 2 புல்தரை விமானத்தளம், 3 தளம் எட்டாதபோது இறங்கும் வயல், 4 கிளைடர் தளம், 5 கெட்டித்தரை ஓடுபாதை.

படி 2: அட்சரேகை, தீர்க்கரேகை

என் நேரத்தையெல்லாம் தின்றது இந்தப் படிதான், நிதானமாகப் படியுங்கள். கப் கோப்பு கேட்பது பாகையும், தசமத்தில் நிமிடமும். 47 பாகை 30 நிமிடம் 50 விநாடி என்று ஒருவர் அனுப்புகிறார். அதை அப்படியே 4730.500 என்று எழுதிவிடத் தோன்றும். தவறு! 50 விநாடி என்பது 0.833 நிமிடம், எழுத வேண்டியது 4730.833. அட்சரேகையில் ஒரு நிமிடம் 1852 மீட்டர். 0.333 நிமிட வித்தியாசத்தில் புள்ளி 617 மீட்டர் தள்ளிப் போயிருக்கிறது. டர்ன்பாயிண்டை (தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டிய இடம்) சுற்றி 500 மீட்டர் ஆர வட்டம் வைத்துப் பறப்பவர், திரையை நம்பித் திரும்பினாலும் சரியான வட்டத்தைத் தொடாமல் போயிருக்கலாம். இறங்கும் வயலாக இருந்தால் இன்னும் மோசம், அவர் பக்கத்து வயலுக்கு மேல் நிற்பார்.

முப்பது, நாற்பது கிலோமீட்டர் பிழை வரைபடத்தில் உடனே கண்ணில் படும். அறுநூறு மீட்டர் பிழை படாது. அதைப் பிடிக்க நான் பார்ப்பது கடைசி இலக்கத்தை. ஒருவர் அனுப்பிய வரிகள் எல்லாவற்றிலும் மூன்றாம் தசம இலக்கம் 0 ஆகவும், முதல் இரண்டு தசம இலக்கங்கள் 60-க்குக் குறைவாகவும் இருந்தால், அவை விநாடிகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சேர்க்காமல் அவரிடமே திருப்பிக் கேளுங்கள்.

உயரத்தோடு அலகையும் எழுதுங்கள். 450 மீட்டரில் இருக்கும் தளத்தை 450 அடி என்று போட்டால், கருவி அதை 137 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். கடைசி கிளைடில், அதாவது தளத்தை நோக்கி இறங்கி வரும் கடைசிக் கட்டத்தில், 313 மீட்டர் உயரம் கையில் இருப்பதாகக் காட்டும். உண்மையில் அது இருக்காது.

படி 3: எதில் திருத்துவது

விரிதாளில் நேரடியாகத் திறக்காதீர்கள். ஓடுபாதைத் திசை 090 என்பது 90 ஆகிவிடும், அலைவரிசை 123.500 என்பது 123.5 ஆகிவிடும். விரிதாள்தான் வேண்டுமென்றால் லிப்ரே ஆபிஸ் கால்க்கில் எல்லா நெடுவரிசைகளையும் ‘உரை’ என்று குறித்துவிட்டுத் திறங்கள். நான் சாதாரண எடிட்டரைத்தான் பயன்படுத்துகிறேன். யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள்.

படி 4: கிட்

குறியீட்டு வரிசையில் அடுக்கி, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் மென்பொருளில் வையுங்கள். ஓர் இடத்துக்கு ஒரு கமிட் (சேமித்த ஒரு மாற்றம்). யார், எப்போது, எதைப் பார்த்து மாற்றினார் என்பது அதிலேயே இருக்கட்டும். வயல்களுக்கு மட்டும் கடைசியாக நேரில் பார்த்த தேதியைக் குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள். போன வருடம் வெட்டவெளியாக இருந்த நிலத்தில் இந்த வருடம் வேலியோ மின்கம்பியோ வந்திருக்கலாம்.

படி 5: உரிமம்

இதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்திலிருந்து தொகுப்பாக எடுத்தால் அதன் ஓடிபிஎல் உரிமம் உங்கள் கோப்பையும் கட்டுப்படுத்தும். எந்த நிபந்தனையும் இல்லாமல் சிசி0-வில் தர விரும்பினால், நேரில் அளந்தவற்றையும் அந்த உரிமத்துக்கு இடம்தரும் மூலங்களையும் மட்டும் சேருங்கள்.

பின்சேர்க்கை: பெயரில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியதும் பழைய டாஸ்க் (திட்டமிட்ட பறக்கும் பாதை) திறக்கவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். காரணம் இதுதான்: கப் கோப்பின் அடியில் உள்ள டாஸ்க் பகுதி இடங்களைப் பெயரைக் கொண்டே தேடுகிறது. பெயரை மாற்றினால் அங்கேயும் மாற்ற வேண்டும். நான் இப்போது டாஸ்க்குகளைத் தனிக் கோப்பில் வைத்துவிட்டேன். பொதுக் கோப்பில் இடங்கள் மட்டும்தான்.