முன்பு குழாயில் கரு தங்கியவர்கள் இந்த முறை முதலில் செய்ய வேண்டியது

முன்பு ஒருமுறை கரு கருப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே தங்கிப் போனவர்களுக்கு, அடுத்த முறை டெஸ்டில் இரண்டு கோடு வந்ததும் சந்தோசத்துக்கு முன்னம் பயம்தான் வரும். அது இயல்பு. கிளினிக் பதிவு வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் பழைய விசயத்தைச் சொல்லி, ஆறாம் ஏழாம் கிழமையளவில் ஸ்கானுக்கு நாள் எடுங்கள். கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் மனம் கொஞ்சம் அடங்கும். மறுபடி கருத்தரிப்பவர்களில் 10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்கு அது சரியான இடத்தில்தான் தங்குகிறது. அதுவரை இரவிரவாகப் போனில் தேடாதீர்கள், அயலட்டைக்கெல்லாம் சொல்லவும் தேவையில்லை, அழுதாலும் பொறுமையாகக் கேட்கிற ஒரு ஆள் போதும். ஆனால் ஒரு பக்க வயிற்றுவலி, இரத்தக்கசிவு, தோள் நுனியில் வலி, மயக்கம் வந்தால் ஸ்கான் நாளைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே இலங்கை அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அடித்து வைத்தியசாலைக்குப் போங்கள், பழைய அறிக்கையையும் கையோடு எடுத்துக்கொண்டு.