ஒரே ஒரு சிந்தில் வாபிள் பேஸ்: கையால் திருகி வாசிக்க ஒரு செய்முறை

டப்ஸ்டெப் 2000-களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனில், குறிப்பாகக் குரோய்டன் பக்கம் வளர்ந்த மின்னணு நடன இசை. வெளிச்சம் குறைந்த அறை, ஆளுயர ஸ்பீக்கர்கள், காதுக்கு முன்னால் நெஞ்சில் வந்து இடிக்கும் பேஸ், அதாவது மிகத் தாழ்ந்த ஒலி. 2005-ல் பிரிக்ஸ்டனில் தொடங்கிய டி.எம்.இசட். கிளப் இரவுகள் அதற்குப் பேர்போனவை. அந்த பேஸ் “வொவ்-வொவ்” என்று ஆடினால் அது வாபிள். அதை ஒரே ஒரு சிந்தில், அதாவது மின்னொலியை உருவாக்கும் சிந்தசைசரில், வாசிப்பதுதான் இந்தச் செய்முறை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரீம், பெங்கா போன்ற அன்றைய இளம் டப்ஸ்டெப் இசைக்காரர்கள் கம்ப்யூட்டரில் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற மென்பொருளை வைத்துத்தான் இதைச் செய்தார்கள். ஹார்ட்வேர் இருந்தால்தான் அசல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நான் சிந்த் வாங்கியதற்குக் காரணம் வேறு. மவுஸால் ஒரு நேரத்தில் ஒரு குமிழைத்தான் திருக முடியும்; எனக்கு இரண்டு கை இருக்கிறது.

என்ன வேண்டும்?

ஒலியைப் பிறப்பிக்கும் இரண்டு ஆஸிலேட்டர், மேல் ஒலியைத் தடுத்துக் கீழ் ஒலியை மட்டும் விடும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர், ஒரு குமிழைத் தானாக மெல்ல ஆட்டும் ஒரு எல்.எஃப்.ஓ., ஸ்வரங்களை வரிசையாக வாசிக்கும் 16 ஸ்டெப் சீக்வென்ஸர் உள்ள எந்த மோனோ சிந்தும் (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் வாசிப்பது) போதும். கார்க் மோனோலாக் இந்தக் கணக்குக்குச் சரியாக வரும். கூடவே ஒரு சின்ன டிரம் மெஷின், நல்ல ஹெட்ஃபோன். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நாம் வாசிக்கப்போகும் அடி ஸ்வரம் அதில் வரவே வராது.

1. முதலில் ஹம்மைத் துரத்துங்கள்

எதையும் வாசிக்காமல் வால்யூமை ஏற்றிக் கேளுங்கள். “ம்ம்ம்” என்று ஒரு சத்தம் வருகிறதா? நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸில் வரும் ஜி1 ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் ஹம் பேஸுக்குள் ஒளிந்துகொள்ளும். இரண்டு வாரம் அதை என் பேட்ச்சின் (குமிழ்களைத் திருகி அமைத்த ஒலியின்) “கனம்” என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்!

யூ.எஸ்.பி. ஒயரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஹம் நின்றால் கோளாறு அடாப்டரிலோ யூ.எஸ்.பி. வழியிலோ இருக்கிறது, சிந்தில் இல்லை. அனலாக் சிந்த் என்றால் ஆன் செய்து பத்துப் பதினைந்து நிமிஷம் சூடாக விட்டு, அப்புறம் சுருதி பாருங்கள்.

2. அடியும் மேலும்

இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பேஸ் என்பது இரண்டு வேலை. அடியில் உடம்பு உணரும் பகுதி, மேலே காது கேட்கும் பகுதி. அடி அசையக் கூடாது, ஆட்டமெல்லாம் மேலேதான்.

முதல் ஆஸிலேட்டரை மென்மையான டிரையாங்கிள் அலையில் வைத்து எஃப்1 ஸ்வரத்தை வாசியுங்கள், கிட்டத்தட்ட 43.7 ஹெர்ட்ஸ். இரண்டாவதை ரம்பப் பல் வடிவ ஸா (saw) அலையில், ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே வையுங்கள். லெவல் முதலாவதற்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

இரண்டையும் ஒரே ஆக்டேவில் ஸாவாக வைத்து, சுருதியை லேசாகப் பிசகவிட்டால் இன்னும் தடிமனாக இருக்குமே என்று தோன்றும். இருக்கும்தான். ஆனால் எஃப்1-இல் 10 சென்ட் (அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு) பிசகு என்றால் கால் ஹெர்ட்ஸ் வித்தியாசம். அதாவது நாலு நொடிக்கு ஒரு முறை இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடி சத்தம் காணாமல் போகும். ரீஸ் பேஸ் என்ற உறுமும் வகைக்கு அந்த அலைச்சல் வேண்டும், இந்தப் பேட்ச்சுக்கு வேண்டாம்.

3. ஃபில்டர்

கட்-ஆஃபை, அதாவது ஃபில்டர் எதுவரை ஒலியை விடும் என்ற எல்லையை, முழுதாக மூடி, மெல்லத் திறந்துகொண்டே வாருங்கள். அடி சத்தம் முழுசாகக் கேட்டு, மேலே இன்னும் எதுவும் எட்டிப் பார்க்காத ஓர் இடம் வரும். குமிழ் எங்கே நிற்கிறது என்று நினைவில் வையுங்கள், அதுதான் தரை. ரெசொனன்ஸ் (அந்த எல்லையின் அருகே ஒலியைத் தூக்கிக் காட்டும் குமிழ்) குறைவாகவே இருக்கட்டும். பல ஃபில்டர்களில் அதை ஏற்ற ஏற்ற பேஸ் மெலிந்துவிடும்.

4. வாபிள்

எல்.எஃப்.ஓ.-வை கட்-ஆஃபுக்கு அனுப்புங்கள். அலை டிரையாங்கிள். எல்.எஃப்.ஓ. குமிழுக்கு இரண்டு பக்கமும் ஆட்டும் என்பதால், கட்-ஆஃபைத் தரையை விட மேலே ஏற்றிவிட்டு, கீழே இறங்கும்போது தரையைத் தொடும் அளவுக்கு மட்டும் ஆழத்தைக் கூட்டுங்கள். வேகத்தை மிகவும் குறைத்து வைத்துக் கேட்டால் இது எளிதாகப் பிடிபடும்.

டப்ஸ்டெப்பின் வேகம் 140 பி.பி.எம்., அதாவது நிமிஷத்துக்கு 140 பீட். பீட்டுக்கு ஒரு ஆட்டம் வேண்டுமானால் எல்.எஃப்.ஓ. 2.33 ஹெர்ட்ஸ், இரண்டுக்கு 4.67, மூன்றுக்கு 7. இந்த மூன்று, அதாவது நம் திஸ்ரம், எனக்கு மிகவும் பிடித்தது. நேர் நடையில் போய்க்கொண்டிருந்த பாட்டு திடீரென்று சாய்ந்து நடக்கும்.

டிரம் மெஷினில் இருந்து சிங்க் ஒயர் போட்டுவிட்டால் சீக்வென்ஸர் அதோடு சேர்ந்தே ஓடும். வேகம் பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்தால், ஒரு பீட்டுக்கு எத்தனை பல்ஸ் என்ற செட்டிங்கைப் பாருங்கள். எல்லாக் கம்பெனிக்காரர்களும் ஒரே கணக்கு வைத்திருப்பதில்லை.

5. பீட்டும் ஸ்வரங்களும்

ஒரு பார் என்பது நாலு பீட், அதாவது 16 ஸ்டெப். கிக் என்ற கன டிரம் முதல் பீட்டில், ஸ்னேர் என்ற பளீர் டிரம் மூன்றாவதில். அதனால்தான் 140 என்றாலும் காதுக்குப் பாதி வேகமாகத் தெரிகிறது. பேஸுக்கு 1-ஆம் ஸ்டெப்பில் ஒரு நீளமான எஃப்1, 11-இல் ஏ-ஃப்ளாட், 14-இல் மறுபடி எஃப். மீதியைக் காலியாக விடுங்கள். ஸ்னேர் விழும் 9-ஆம் ஸ்டெப்பில் பேஸ் இல்லாமல் இருந்தால் ஸ்னேர் இரண்டு மடங்கு பெரிதாகக் கேட்கும்.

6. வாசிக்கலாம்

இடது கை கட்-ஆஃபில், வலது கை எல்.எஃப்.ஓ. வேகத்தில். நாலு பார் தரையிலேயே, எல்.எஃப்.ஓ. ஆழத்தைப் பூஜ்யத்தில் வைத்து, வாபிள் இல்லாமல். அடுத்த நாலு பார் ஆழத்தைக் கூட்டி, கட்-ஆஃபை மெல்லத் திறவுங்கள். எட்டாவது பார் முடிவில் டிரம்மை நிறுத்தி, ஒரு பீட் அமைதி. திரும்பி வரும்போது திஸ்ரத்துக்குத் தாவுங்கள். வால்யூமை மட்டும் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள், உற்சாகத்தில் ஏற்றிவிடுவோம்.

பேட்ச்சை சேவ் செய்து வைத்திருந்தால் ஒரு கண்ணி உண்டு. பேட்ச்சைத் திறக்கும்போது சத்தம் சேவ் செய்த இடத்தில் இருக்கும், குமிழ் நீங்கள் கடைசியாக விட்ட இடத்தில் நிற்கும். தொட்டவுடன் சத்தம் ஒரே தாவாகத் தாவும். நண்பர்கள் முன்னால் அமைதியான இடத்தில் எனக்கு அப்படித்தான் ஆனது. ஒருவர் டீயைக் கொட்டிவிட்டார். இப்போதெல்லாம் தொடங்கும் முன் கட்-ஆஃபைத் திருகித் தரைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் பிளே பட்டனை அழுத்துகிறேன்.