மாற்றுத்திறனாளிகள் சட்ட விழிப்புணர்வு: கூட்டம் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினம் வந்துவிட்டால் வேலூர் பக்கம் ஏதாவது ஒரு மண்டபத்தில் மாலை, மரியாதை, மூன்று சக்கர வண்டி, ஃபோட்டோ. வண்டி தேவைதான், அதில் குறையில்லை. ஆனால் அதை வாங்கிக்கொண்டு போகிறவரிடம், "வேலையில் சேர்க்க மறுத்தால் யாருக்கு எழுதுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. மகளிர் குழுவோ, இளைஞர் மன்றமோ, ஊராட்சியோ, யார் கூட்டம் நடத்தினாலும் திட்டங்களை அடுக்கிவிட்டு, மறுக்கப்பட்டால் எங்கே போவது என்பதை விட்டுவிடுகிறார்கள். பெரிய தவறு அதுதான்.

இடத்தையும் மொழியையும் யோசிக்காதது அடுத்தது. மாடியில் இருக்கும் ஹாலில் கூட்டம் வைத்துவிட்டு, "ஏன் யாரும் வரவில்லை" என்று வியப்பார்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் இருக்க மாட்டார். பேரணாம்பட்டு, மேல்விஷாரம் போன்ற ஊர்களில் உருது பேசும் வீடுகள் நிறைய. அங்கே தமிழ் நோட்டீஸ் மட்டும் கொடுத்தால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது.

யாருக்கு இந்தச் சட்டம் என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான், இதில் 21. அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள், தலசீமியா உள்ளவர்கள், மன இறுக்கம் உள்ளவர்கள் எல்லாரும் வருகிறார்கள். தொழுநோயிலிருந்து குணமானவர்களும் பட்டியலில் உண்டு. கரிகிரி தொழுநோய் மருத்துவமனை இருக்கிற மாவட்டத்தில் இதைக்கூடச் சொல்லாமல் கூட்டத்தை முடிப்பது சரியில்லை. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் வழியை 2019-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

"சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் இல்லையா? அப்போ ஒன்றும் கிடைக்காது" என்று மேடையிலேயே சொல்பவர்கள் உண்டு. அரசு வேலையில் 4 சதவீதம், அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதம் என்ற இடஒதுக்கீட்டுக்கு 40 வேண்டும், உண்மை. ஆனால் பாகுபாடு காட்டக்கூடாது, தேவையான வசதி செய்து தரவேண்டும் என்ற விதிகளுக்கு அந்த வரம்பு கிடையாது. எழுதுவதில் சிரமம் உள்ள ஒரு தேர்வர் தொடுத்த வழக்கில், 40 சதவீதம் இல்லாவிட்டாலும் தேர்வெழுத உதவியாளரை அனுமதிக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி மனு விஷயம். எதற்கெடுத்தாலும் "திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் போங்க" என்கிறோம். போகலாம், தப்பில்லை. ஆனால் அந்த மனு பெரும்பாலும் எந்தத் துறைமேல் புகாரோ அந்தத் துறைக்கே திரும்பிப் போகும். மனுவும் "கருணை கூர்ந்து" என்றுதான் தொடங்கும். யார் மறுத்தார், எந்தத் தேதியில், என்ன காரணம் சொன்னார் என்பது இருக்காது, கையில் ரசீதும் இருக்காது. கருணையை எடுத்துவிட்டு இந்த விவரங்களை எழுதச் சொல்லிக் கொடுங்கள்.

அரசு வேலை தொடர்பான குறை என்றால் 2016 சட்டத்தின் பிரிவு 23 இருக்கிறது. ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். புகாரைப் பதிவேட்டில் ஏற்றி 2 வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். அரசுப் பணியில் இருக்கும்போது விபத்தில் கால் போன ஓட்டுநரை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் செய்யும் விபரீதம், ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது. பிரிவு 20 அவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்கிறது. அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தரவேண்டும். அப்படி ஒரு பணியிடம் இல்லையென்றால், கிடைக்கும்வரையோ ஓய்வு பெறும்வரையோ கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் இது தெரிந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் கதையே வேறு.

பள்ளி, கட்டடம், போக்குவரத்து என்று மற்ற எல்லாவற்றுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரை. துறை 3 மாதத்துக்குள் செயல்பட வேண்டும், ஏற்கவில்லையென்றால் காரணம் சொல்ல வேண்டும். "ஆணையரிடம் போனால் முடிந்தது" என்று மேடையில் அள்ளிவிடாதீர்கள். சில விஷயங்கள் உயர் நீதிமன்றம் வரை போகும்.

அந்தப் பேச்சு வந்ததும், வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்பார்கள். 1987 சட்டப் பணிகள் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. வருமானச் சான்றுக்கு அலைய விடாதீர்கள். உதவி எண் 15100. அதை நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் போடாமல் மேலே பெரிதாகப் போடுங்கள்.

இன்னொன்று, பழைய மாவட்டக் கணக்கு. 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. அரக்கோணம், சோளிங்கர்காரர்கள் ராணிப்பேட்டையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும் போக வேண்டும்.

கொடுமை நடந்தால் ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிப்பதை எந்தக் கூட்டமும் ஆதரிக்கக்கூடாது. பலர் முன்னால் வேண்டுமென்றே கேவலப்படுத்துவதற்கே பிரிவு 92-இன் கீழ் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு. புகார் வந்தால் இலவச சட்ட உதவி பற்றிப் போலீஸே சொல்ல வேண்டும். பேச முடியாதவர் சைகையிலோ எழுத்திலோ சாட்சி சொல்லலாம்.

கடைசியாக 18 வயது. மன இறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளை 18-ஐத் தாண்டியதும் பெற்றோர் தானாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் இருக்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டு, காது கேளாத அண்ணனுக்கும் பாதுகாவலர் ஆகலாமா என்று யாராவது விசாரிப்பார்கள். இந்தச் சட்டத்தில் அதற்கு வழி இல்லை. சொத்து வைத்துக்கொள்ளவும் வங்கிக் கணக்கை நடத்தவும் அவருக்கு முழு உரிமை உண்டு. உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டாலும், அந்தச் சொத்தில் உதவுகிறவருக்கே நலன் இருந்தால் அந்தப் பரிவர்த்தனையிலிருந்து அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று 2016 சட்டத்தின் பிரிவு 13 சொல்கிறது.