கடற்கரையைச் சுத்தம் செய்யப் போகும் மாணவர்கள் தவிர்க்க வேண்டியவை

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று எந்தக் கரையிலாவது கல்லூரி டீ-ஷர்ட்டோடு பிள்ளைகள் குனிந்து குப்பை பொறுக்குவதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பொறுக்கியதையெல்லாம் ஒரே கறுப்புப் பையில் திணித்து, படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. வடசென்னையில் அப்படிக் கலந்துபோன குப்பை பெரும்பாலும் கொடுங்கையூர் கிடங்கில்தான் போய்ச் சேரும். சுமார் 350 ஏக்கர் கிடங்கு, சுற்றிலும் வீடுகள். அங்கே தீப்பிடித்தால் புகை அந்த வீடுகளுக்குள்தான் போகும். பாட்டிலுக்கு ஒன்று, கண்ணாடி, ஊசிக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று என்று கையோடு மூன்று சாக்கு கொண்டுபோங்கள். மணலை உதறிய பாட்டிலைக் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடித் துண்டையும் ஊசியையும் தனியாகக் கட்டுங்கள். இல்லையென்றால் அது தூய்மைப் பணியாளர் கையைக் கிழிக்கும். மாநகராட்சிக் குப்பை வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் நாய்கள் பையைப் பிரித்துவிடும்.

ஒருமுறை எண்ணூரில், படகு நிழலில் கிடந்த நைலான் வலையைக் கிழிசல் என்று நினைத்து ஒரு குழு பைக்குள் போட்டுவிட்டது. ஓடிவந்த அக்கா ஒருவர் அதை வெளியே இழுத்து, மடியில் விரித்துக் காட்டினார். பாதிக் கண்ணிகள் நீல நூலால் புதிதாகப் பின்னப்பட்டிருந்தன. "நேத்து ராத்திரிதான்பா அவரு பின்னி முடிச்சாரு" என்றார். அந்தப் பிள்ளைகளுக்கு முகமே வாடிப்போனது. கரையில் கை வைக்கும் முன் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எண்ணெய்க் கசிவின்போது அவசரம் ஆபத்து. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோதும் வாளியால்தான் அள்ளினார்கள். வெறுங்கையால் தொட்டால் தோல் எரியும், ஆவி பட்டால் தலை வலிக்கும். கையுறை, முகக்கவசம், பூட்ஸ் தராமல் யார் கூப்பிட்டாலும் இறங்காதீர்கள். அலையாத்திச் செடிகளுக்கு நடுவே கூட்டமாக நடக்கவும் வேண்டாம்; மிதிபடும் எண்ணெய் சேற்றுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது.

அப்புறம், ஃபிளெக்ஸ் பேனரும் பிளாஸ்டிக் கப் டீயும் வேண்டாம். அந்தக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. வீட்டிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து வந்தால் போதும்.

ஒரே நாளோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த மாதம் அதே இடத்துக்குப் போய், எந்தச் சாக்கு அதிகம் நிறைந்தது என்று எழுதி வையுங்கள். மூன்று மாதக் கணக்கை வார்டு கவுன்சிலரிடம் கொடுத்துக் குப்பைத் தொட்டி கேளுங்கள். தொட்டி வழிந்து கிடந்தால் மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் போடுங்கள்.